கேள்வி – பதில்: வில்லும் குடமும் டெல்லிக்கு

போன இதழின் கடைசியில், "அடுத்த மாதம் சங்கீத நாடக அகாதமி விருது விழாவுக்கு டெல்லி போகிறேன், எங்கள் வில்லிசைக் குழுவின் அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், விருது வாங்குகிறார்" என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றியே. ஆகவே இந்த இதழ் முழுக்க விருது விழா. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்விகளை அப்படியே கட்டிவைத்திருக்கிறேன்.

கேள்வி: விருது வாங்கப் போவது அண்ணாவி. உங்களுக்கு ஏன் இத்தனை பரபரப்பு?
— வாசகர், குளச்சல்

என் அப்பா அவருக்குக் குடம் அடித்தவர். அப்பா காலமானபின் அந்த இடத்தில் என் அண்ணன் உட்கார்ந்தான். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டேன். ஆனாலும் கொடை என்று நாங்கள் சொல்லும் கோயில் திருவிழா நாட்களில் தாளத்துக்கு ஆள் குறைந்தால், "பிள்ளே, வெள்ளிக்கெழம ஒழிவு உண்டா?" என்று அண்ணாவி மாமா போனில் கேட்பார். சின்ன வயதில் வில்லுக்குப் பின்னால் விரித்த ஜமுக்காளத்தில் தூங்கி, குடச் சத்தம் நின்றால் மட்டும் விழித்துக்கொள்ளும் பிள்ளை நான்.

அவர் பாடிய கோயில்கள் எல்லாம் வயற்காட்டுக்கு நடுவிலும் குளத்தங்கரையிலும் இருப்பவை. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன். அந்த மனுஷரின் பெயரை டெல்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் முன்னால் வாசிக்கப்போகிறார்கள். அதை என் காதால் கேட்க வேண்டும். நினைக்க ஆரம்பித்தால் தூக்கம் பிடிப்பதில்லை.

கேள்வி: சங்கீத நாடக அகாதமி விருது என்பது என்ன? எவ்வளவு பணம் கொடுப்பார்கள்?
— பிளஸ் டூ மாணவி, திங்கள்சந்தை

இசை, நடனம், நாடகம் மூன்றுக்கும் இந்திய அரசு அமைத்த தேசிய அமைப்பு அது. 1953 ஜனவரி 28 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். முதல் தலைவராக இருந்தவர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி.ராஜமன்னார். 1952ஆம் ஆண்டுக்கான முதல் விருதுகளில் கர்நாடக இசையில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பெயரும், வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர் பெயரும் இருக்கின்றன. எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு 1956இல். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருஷம்.

விருதாளருக்கு ஒரு லட்சம் ரூபாய், ஒரு செப்புப் பட்டயம், ஓர் அங்கவஸ்திரம். இதற்கும் மேலே அகாதமி ரத்னா என்று ஒன்று உண்டு. அதற்கு மூன்று லட்சம். அந்தக் கௌரவத்தில் ஒரே சமயத்தில் 40 பேருக்கு மேல் இருக்க முடியாது. யாருக்கு விருது என்பதை அகாதமியின் பொதுக்குழு முடிவு செய்கிறது.

விழா வருஷா வருஷம் ஒழுங்காக நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2019, 2020, 2021 மூன்று ஆண்டு விருதுகளையும் சேர்த்து 2023 பிப்ரவரியில்தான் கொடுத்தார்கள். 2022, 2023 இரண்டுக்கும் 2024 மார்ச்சில். வயதான கலைஞர்களுக்கு இந்தக் காத்திருப்பு எவ்வளவு பாரம் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: பத்ம விருதும் இதுவும் ஒன்றா?
— வாசகர், கருங்கல்

இல்லை. பத்ம விருதில் பணம் கிடையாது, எல்லாத் துறைக்கும் உரியது. இது நிகழ்த்துகலைக்கு மட்டும். வில்லிசையில் இரண்டையும் பெற்றவர் சுப்பு ஆறுமுகம்: அகாதமி விருது 2004, பத்மஸ்ரீ 2021.

கேள்வி: தவறாக நினைக்க வேண்டாம். வில்லுப்பாட்டு நாட்டார் கலை. அதற்கு எப்படிச் சங்கீத விருது?
— ஓய்வு பெற்ற அலுவலர், மார்த்தாண்டம்

தவறாக நினைக்கவில்லை. ஊரில் பலர் மனதில் இருப்பதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். அகாதமி தொடக்கத்திலிருந்தே நாட்டார் இசையையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட அமைப்பு. நாட்டார் கலைக்காரர்களுக்கும் சாஸ்திரிய இசைக்காரர்களுக்கும் அங்கே ஒரே தொகை, ஒரே பட்டயம். ஒரே வரிசையில் நாற்காலி. எனக்கு இந்த விழாவில் பிடித்ததே இதுதான்.

ஆனால் நீங்கள் கேட்டது அதற்கும் மேலே. இதில் சங்கீதம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அடுத்த கொடையில் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். குடம் பிரிமணை மேல் இருக்கும். வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குடக்காரர் ஒரு கையில் கமுகம்பாளையில் செய்த பத்தியை வைத்துக் குடத்தின் வாயில் அடிப்பார், மறு கையில் காசு. பத்தி வாயை மூடினால் அடிவயிற்றிலிருந்து எழும் சத்தம் வரும். காசு பட்டால் கணீர். இந்த இரண்டை வைத்துக்கொண்டு அவர் கதையின் நடையை முழுக்கத் தாங்க வேண்டும். அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டும்போது வில்லில் கட்டிய மணிகள் சேர்ந்து பேசும். உடுக்கை இடையில் புகுந்து வரும். பாட்டு மெட்டுகளில் எனக்குக் கேட்பது புன்னாகவராளியும் செஞ்சுருட்டியும் ஆனந்தபைரவியும். அந்த ராகங்களின் பெயர் தெரியாமலேயே எங்கள் அப்பா அவற்றோடு வாழ்ந்தார்.

கதை முற்றும் இடத்தில் சாமியாடிக்கு உடம்பு ஆடத் தொடங்கும். குடக்காரர் அவர் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கால் விரல் தரையை அழுத்தியவுடன் துரிதம் ஏற வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் அருள் கலைந்துவிடும், பிந்தினாலும் அப்படியே. என் அண்ணனுக்கு இதைக் கற்றுக்கொடுக்க அப்பா அடித்துக் காட்டியதில்லை, பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். இந்தக் கவனத்துக்குச் சங்கீதம் என்றல்லாமல் வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: விருது ஒருவருக்குத்தான். குழுவில் மற்றவர்கள் நிலை என்ன? ஒரு லட்சத்தைப் பங்கு போடுவீர்களா?
— வாசகி, இரணியல்

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. எனக்கும் இதில் ஒரு மனக்குறை உண்டு. பட்டயத்தில் ஒரே பெயர். வில்லிசை தனியாள் கலையே இல்லை. அண்ணாவி வலப்பக்கம் பாட, இடப்பக்கத்தில் இருப்பவர் வாங்கிப் பாடாவிட்டால் கதை நகராது. குடம், உடுக்கை, தாளம், கட்டை, இதில் ஒன்று நின்றாலும் பாட்டு நொண்டும். பக்கப்பாட்டுக்காரருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் குழுவாக ஒரு விருதுப் பிரிவு வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பல மாநில நாட்டார் கலைகளுக்கும் இது பொருந்தும்.

அண்ணாவி என்ன செய்தார் என்றால், அழைப்பு வந்த அன்றைக்கே எல்லாரையும் வீட்டுத் திண்ணைக்குக் கூப்பிட்டார். "பட்டயத்துல என் பேரு கெடக்கட்டும். மேடையில எல்லாரும் இருக்கணுமாக்கும்" என்றார். விருது பெறும் கலைஞர்கள் விழாவை ஒட்டி நிகழ்ச்சியும் நடத்துவது வழக்கம். ரவீந்திர பவனில் மேகதூத் என்ற அரங்க வளாகம் இருக்கிறது, அங்கே நாள்கணக்கில் நடக்கும். அதில் முழுக் குழுவும் உட்காரப்போகிறது. பணத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் குழுவில் உடுக்கை அடிக்கிறவரின் மகள் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்பது அதற்கு அடுத்த வாரம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

கேள்வி: நமது மாவட்டத்துக்கு இசையில் தேசிய விருது இதுதான் முதல் தடவையா? வயலின் கன்னியாகுமரி அம்மா நம் ஊர்க்காரர்தானே?
— வாசகர், வடசேரி

முதல் கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்கிறேன். திரைப்படத்துக்கான தேசிய விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் என்ற பிரிவு 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வந்தது. அதன் முதல் விருதை வாங்கியவர் கே.வி.மகாதேவன், கந்தன் கருணைக்காக. அவர் 1918இல் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் பிறந்தவர். உங்கள் வடசேரியிலிருந்து நடக்கிற தூரம். இந்தியாவிலேயே அந்த விருதின் முதல் பெயர் நம் ஊர்ப் பெயர். 1979ஆம் ஆண்டுக்குச் சங்கராபரணம் படத்துக்காக மறுபடியும் வாங்கினார். கிருஷ்ணன்கோவிலில் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? வகுப்பில் நான் கேட்டபோதெல்லாம் எழுந்த கைகள் மிகக் குறைவு. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் நாளைக்கே வகுப்பில் சொல்லுங்கள்.

விருதுகள் வருவதற்கு முன்பே இங்கே சங்கீதம் இருந்தது. நாகர்கோவில் வடிவீஸ்வரத்தோடும் பத்மநாபபுரத்தோடும் வாழ்க்கை பிணைந்த நீலகண்ட சிவன் பாட்டுகளை இன்றும் சென்னை மேடைகளில் கேட்கலாம். ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டைக் கோயில் வளாகத்திலிருந்து பொதுமேடைக்குக் கொண்டுபோனார். முன்னே சொன்ன சுப்பு ஆறுமுகம் அவரோடு இருந்து வளர்ந்தவர்தான். அதனால் அண்ணாவி வாங்கப்போகும் விருதில் ஒழுகினசேரிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

வயலின் ஏ.கன்னியாகுமரி ஆந்திராவின் விஜயநகரத்தில் பிறந்தவர். பெயர் மட்டும் நம்முடையது.

கேள்வி: அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. ராத்திரி முழுக்கப் பாடும் கதையை எப்படிச் சுருக்குவீர்கள்?
— வாசகர், பூதப்பாண்டி

இதில் வீட்டில் சண்டையே நடந்தது. ஒரே நாளில் பல மாநிலக் கலைஞர்கள் நிகழ்த்துவார்கள், ஆகவே ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கொஞ்ச நேரம். வில்லுப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு: முதலில் தெய்வத்தை வேண்டும் காப்பு, பிறகு வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதை, கடைசியில் வாழ்த்திப் பாடும் வாழி. காப்பையும் வாழியையும் விட்டுவிட்டுக் கதையை மட்டும் பாடலாம் என்றான் அண்ணன். அண்ணாவி ஒத்துக்கொள்ளவே இல்லை. "காப்பு கெட்டாம வில்ல தொடமாட்டேன், வாழி பாடாம எறங்கவும் மாட்டேன்" என்றுவிட்டார். அவர் பக்கம்தான் நானும். முறையைச் சுருக்கலாம், வெட்டக் கூடாது.

கதை முத்துப்பட்டன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்துச் சகோதரிகளை மணந்துகொண்டு, மாடுகளைக் காக்கப் போய் உயிர்விட்ட பிராமணன். மாட்டுப்பட்டிக்கு அவன் ஓடும் கட்டத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் குடம் மட்டும் தனியாக ஓடும், மொழி தெரியாதவருக்கும் ஓடுகிறவன் மூச்சு கேட்கும். கதைச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை என்னுடையது. சாதி பற்றிய பகுதியை மென்மையாக எழுதச் சொன்னார்கள் சிலர். கதை எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மண்குடத்தை உடையாமல் டெல்லிக்கு எப்படிக் கொண்டு போவீர்கள்?
— குயவர் குடும்பத்துப் பெண், சுங்கான்கடை

உங்கள் ஊர்க் குடம்தான் அம்மா போகிறது. அண்ணன் வந்து சூளைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த குடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுமையைச் சோதித்தானே, ஞாபகம் இருக்கும். வெந்தது கொஞ்சம் குறைந்தாலும் சத்தம் மொத்தையாக இருக்கும், அதிகமானால் கீச்சென்று பிரியும். தேர்ந்தெடுத்ததில் ஒன்று மேடைக்கு, மற்றது கைகாவல். வைக்கோல் அடைத்து, பழைய கம்பளி சுற்றி, சாக்கில் கட்டி, கூடவே வைத்துக்கொண்டு போகிறோம்.

கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் பயணம். அண்ணாவியைத் திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் அனுப்பப் பார்த்தோம். குழுவோடுதான் வருவேன் என்றுவிட்டார். வில் ஆளைவிட நீளம், பெட்டிக்குள் ஏற்ற முடியாது, பார்சலாகப் பதிவு செய்ய வேண்டும். மணிகளுக்குத் துணி சுற்றியாகிவிட்டது. என் கவலையெல்லாம் உடுக்கை மேல்தான். நம் கடற்காற்றில் தொய்ந்து பழகிய தோல் அந்த ஊரின் வறண்ட காற்றில் இறுகிவிடும். நிகழ்ச்சிக்கு முன்தினமே போய் அந்தக் காற்றுக்குப் பழக்க வேண்டும் என்று உடுக்கைக்காரர் சொல்கிறார்.

சாப்பாட்டுக்கு முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும் எடுத்துக்கொள்கிறோம். மட்டி ரொம்ப நாள் தாங்காது, முதல் நாளே தீர்ந்துவிடும்.

கேள்வி: நவராத்திரி மண்டபத்தில் கைதட்டக் கூடாது என்பது மரபு. அங்கே எப்படி?
— வாசகர், பத்மநாபபுரம்

உங்கள் ஊர்ச் சரஸ்வதி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளி, அவள் முன்னால் ஒன்பது மாலையும் சுவாதித் திருநாள் கிருதிகள் பாடும் அந்த மண்டபத்தின் அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெல்லியில் கை வலிக்கும்வரை தட்டுவேன்.

கேள்வி: ஊர்க் கொடையிலேயே வில்லுக்கு மரியாதை இல்லை. டெல்லியில் பட்டயம் வாங்கி என்ன ஆகப்போகிறது?
— வாசகர், ஆரல்வாய்மொழி

முப்பந்தல் இசக்கியம்மனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீங்கள் இப்படிக் கேட்பது எனக்கு வலிக்கிறது, ஆனால் கேள்வி நியாயமானது. ஒரு கொடையில் மாடன் பிறப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக்கை எடுத்து இன்னிசைக் கச்சேரிக்குக் கொடுத்தார்கள். அண்ணாவி மைக் இல்லாமலே மீதிக் கதையையும் பாடி, வாழியும் பாடிவிட்டுத்தான் எழுந்தார். முன்வரிசையில் இருந்த கிழவிகள் மட்டும் நகரவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை.

பட்டயம் வந்தால் மைக் தானாகத் திரும்பி வந்துவிடாது. ஆனால் அழைப்பு வந்த செய்தி தெரிந்தபின் என்ன நடந்தது என்று சொல்கிறேன். விழாத் தேதியில் ஏற்கெனவே ஒரு கொடைக்கு அச்சாரம் வாங்கியிருந்தோம். கால்நாட்டிய கொடையைத் தள்ளிப்போட முடியாது. அண்ணாவி தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னார். கோயில் கமிட்டிக்காரர்கள் அச்சாரத்தைத் திருப்பி வாங்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் குழு ஒன்றை அவர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். "அடுத்த வருசம் ராத்திரி முழுக்க வில்லு மட்டும் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். விருது கைக்கு வருவதற்கு முன்பே ஒரு ஊர் மாறியிருக்கிறது. அதே கமிட்டியில் இருக்கும் இரண்டு இளவட்டங்கள் குடம் கற்க அண்ணனிடம் வரத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. பாட்டு கற்கிறாள். இந்த மாதிரி விருதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுமா?
— ஒரு தாய், கோட்டாறு

எட்டும், ஆனால் இப்போதே விருதைக் காட்டி அவளை விரட்டாதீர்கள். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கலாசார வளமையம், அதாவது சி.சி.ஆர்.டி., உதவித்தொகை கொடுக்கிறது. உங்கள் மகளுக்குச் சரியான வயது. தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களிலும் விசாரியுங்கள், கட்டணம் மிகக் குறைவு. வளர்ந்தபின் 40 வயதுக்குள் இருக்கும் கலைஞர்களுக்கென்று அகாதமியே 2006 முதல் உஸ்தாத் பிஸ்மில்லா கான் பெயரில் யுவ புரஸ்கார் கொடுத்துவருகிறது. தொகை 25,000 ரூபாய். அதில் நாட்டார் கலைக்காரர்களும் வாங்கியிருக்கிறார்கள். இன்னொன்று: ஒரு கொடைக்கு அவளை அழைத்துவாருங்கள். குடத்துக்குப் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுக்கிறேன்.

கேள்வி: அண்ணாவிக்கு எங்கள் ஊர் மாணிக்கமாலை கட்டித்தர ஆசை. டெல்லிக்கு அனுப்பலாமா?
— பூ கட்டுகிறவர், தோவாளை

வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் நொச்சி இலையும் மடித்துக் கோத்து, கல் பதித்தது போலச் செய்யும் உங்கள் கைவேலையை நான் பார்த்திருக்கிறேன். ரயிலில் இரண்டு ராத்திரி தாங்குவது கஷ்டம். நாகர்கோவில் சந்திப்பில் வண்டி ஏறும்போது அவர் கழுத்தில் நீங்களே போடுங்கள். டெல்லியில் அங்கவஸ்திரம் போடுவார்கள், அதற்கு முன்னால் நம் மாலை விழுந்திருக்கட்டும். நாளையும் நேரத்தையும் கடிதத்தில் தனியாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டெல்லிக்கு வர முடியாதவர்கள் எப்படிப் பார்ப்பது?
— வாசகி, குலசேகரம்

நிகழ்ச்சிகளை அகாதமி தன் யூடியூப் சேனலில் போடுவது வழக்கம். எங்கள் நாள் உறுதியானதும் அடுத்த இதழில் தருகிறேன். ஆனால் முழு வில்லுப்பாட்டு கேட்க வேண்டும் என்றால் அது போதாது. டெல்லியிலிருந்து வந்த வாரமே சுசீந்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முத்தாரம்மன் கொடையில் பாடுகிறோம். செவ்வாய் இரவு, சாமியை அழைக்கும் குடியழைப்பிலிருந்து தொடங்கும். குலசேகரத்திலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுங்கள், காலையில்தான் திரும்ப முடியும். விரித்துக்கொள்ள ஒரு போர்வை எடுத்துவாருங்கள்.